பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு, மூணு

ஜூன் 9, திங்கள்

கோபம் வந்தா அடிக்காதீங்க, உடைக்காதீங்க, ஒரு நோட்டுல எழுதுங்கன்னு கவுன்சிலிங் பண்ற அம்மா சொல்லிச்சு. வந்திருக்கு. எழுதறேன்.

போன வாரம் ஆபீஸ்ல மானிட்டரை ஒரு குத்து விட்டேன். திரை நடுவுல கீறல் விழுந்துடுச்சு. எச்.ஆர். கூப்பிட்டு, கவுன்சிலிங் போகலேன்னா வேலை இருக்காதுன்னுட்டாங்க. பன்னெண்டு வருஷம் இந்தக் கம்பெனிக்கு உழைச்சவன் நான். ஒரு மானிட்டர் இவங்களுக்குப் பெரிசாப் போச்சு.

இன்னைக்குக் கோபம் மதுரை டீம் இருதயராஜ் மேல. எங்க வேலை என்னன்னு எழுதினாத்தான் அவன் பண்ற அழும்பு புரியும். வீட்ல உதை தாங்காம ஓடி வர்ற பொம்பளைங்க, சாதி மாறிப் பழகினதுக்கு வெட்ட வர்றாங்கன்னு ஓடி வர்ற பொண்ணுங்க, இவங்களை ஒரு டிரஸ்ட் ஆறு ஊர்ல ஆறு வீடு எடுத்து ஒளிச்சு வெச்சுக் காப்பாத்துது. எந்த வீடு எங்கேன்னு வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. அவங்க பதிவெல்லாம் கோயமுத்தூர்ல நாங்க எழுதின சாஃப்ட்வேர்ல இருக்கு. எஸ்.எம்.எஸ். அனுப்பற சாஃப்ட்வேர் மதுரைக்காரங்களோடது. எங்ககிட்ட இருந்து அவங்ககிட்டப் பதிவு போற வழிக்கு ஏபிஐன்னு பேர். அதுல வார்த்தையாப் போகாது, நம்பராப் போகும். உன்னைப் பத்தி யாருக்குச் சொல்லலாம்னு வந்தவங்களைக் கேட்போம். கேட்கலேன்னா 0. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னா 1. குடும்பத்துக்குச் சொல்லலாம்னா 2. எந்தக் கட்டத்துல என்ன நம்பர் வரும்னு மதுரைக்காரங்களுக்குக் காட்டற ஏபிஐ டாக்குமென்ட் பக்கம் என் பொறுப்பு. என் புரோகிராம்ல இருந்து அது தானா உருவாகும். ஆனா வெறும் 0, 1, 2 மட்டும்தான் தெரியும். பக்கத்துல அர்த்தம் தெரியணும்னா நான் உட்கார்ந்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதணும்.

அதை எழுதச் சொல்லித்தான் இருதயராஜ் ரெண்டாவது தடவையா மெயில். அர்த்தத்தைப் போன வருஷமே போன்ல சொல்லிட்டேன். குறிச்சு வெச்சுக்கத் துப்பில்ல. ஊட்டி வேற விடணுமான்னு பதில் போட்டேன்.

வீட்டுக்கு வந்தா ரசத்துல உப்பு இல்ல. தட்டு கீழே விழுந்துச்சு. என் வீட்டுக்காரி கோகிலா கூட்டி அள்ளினா. அவகிட்ட ஒரு குணம் உண்டு, இந்த மாதிரி நேரத்துல எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டா.

ஜூன் 10, செவ்வாய்

கோபம் வரலை. கேஸ் சிலிண்டர் மாத்தினேன். வண்டி கழுவினேன்.

ஜூன் 12, வியாழன்

டிரஸ்ட்ல புதுசா ஒண்ணு கேட்டிருக்காங்க. சில பொண்ணுங்க போலீசுல புகார் கொடுத்துட்டு வர்றாங்களாம். அவங்க விஷயம் போலீசுக்கு மட்டும் போகணும், குடும்பத்துக்குப் போகக்கூடாது. பட்டியல்ல அதுக்கும் ஒரு நம்பர் வேணும்.

ஜெரினாக்கா, எங்க டீம்ல டெஸ்டிங் பார்க்கறவங்க, என்னைவிட எட்டு வயசு மூத்தவங்க, கடைசியில சேர்த்துடு சபரின்னாங்க. எனக்கு அது பிடிக்கலை. யாருக்கும் கூடாது, போலீசுக்கு மட்டும், குடும்பத்துக்குச் சொல்லலாம், இப்படிப் படிப்படியா வந்தாத்தான் அது வரிசை. நடுவுல செருகினேன். போலீசுக்கு மட்டும்ங்கறது 2 ஆச்சு. குடும்பத்துக்குங்கறது 3க்குத் தள்ளிப் போச்சு. எங்க பக்கம் இருந்த பழைய பதிவு அத்தனையையும் புது நம்பருக்கு மாத்திட்டேன். சுத்தமான வேலை.

டாக்குமென்ட் பக்கமும் தானாப் புதுசாயிடுச்சு. 0, 1, 2, 3. ஜெரினாக்கா எட்டிப் பார்த்துட்டு, இதுல எது புதுசுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும், பக்கத்துல எழுதுன்னாங்க. அரை மணி நேர வேலைதான். தலைவலி, நாளைக்குப் பார்க்கலாம்னுட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

மறுபடி இருதயராஜ் மெயில். 3ன்னு புதுசா ஒண்ணு பார்த்தேன்னு ஆரம்பிச்சிருந்தான். முழுசாப் படிக்கலை. எல்லாம் பக்கத்துல இருக்கு, கண்ணைத் திறந்து பாருங்கன்னு போட்டேன். அதுக்கப்புறம் சத்தமே இல்ல. இவனுங்களுக்கு இப்படிச் சொன்னாத்தான் உறைக்குது.

ஜூன் 17, செவ்வாய்

புது மாற்றம் இன்னைக்கு நடப்புக்கு வந்துடுச்சு. ஒரு பிரச்சினையும் இல்ல.

கோகிலா அண்ணன் அன்னூர்ல இருந்து பலாப்பழம் கொண்டு வந்து கொடுத்துட்டுப் போனார். அவர் போனதும், அண்ணன்கிட்ட என்ன குசுகுசுன்னு பேசினேன்னு கேட்டேன். ஒண்ணும் பேசலைன்னா. கையைப் பிடிச்சுக் கேட்டேன். வளையல் உடைஞ்சு லேசாக் கீறிடுச்சு. கண்ணாடி வளையல் போடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

அப்புறம் சமாதானம் ஆயிட்டோம். பலாச்சுளை எடுத்துக் கொடுத்துட்டே என் வேலையைப் பத்தி விசாரிச்சா. அதிசயம்தான். "அந்த வீடுகளுக்கெல்லாம் எப்படிங்க போவாங்க? நேராப் போய்க் கதவைத் தட்டுவாங்களா?"ன்னு கேட்டா. இல்ல, ஒரு நம்பருக்குப் போன் பண்ணினா அவங்களே வண்டி அனுப்பிக் கூட்டிட்டுப் போவாங்கன்னேன். என்ன நம்பர்னா. நாலே இலக்கம், அதை வாங்கினதே நான்தான்னு பெருமையா நம்பரைச் சொன்னேன்.

ஜூன் 19, வியாழன்

டிரஸ்ட்ல இருந்து ஒரு குறை. மக பத்திரமா இருக்கான்னு ஒரு அம்மாவுக்குத் தகவல் போகலையாம், அதுக்குப் பதிலா அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போயிருக்காம். இன்ஸ்பெக்டர் போன் பண்ணி, எனக்கு எதுக்குய்யா இதுன்னு கேட்டாராம். மதுரைக்காரங்க கோளாறா இருக்கும், அவங்களைக் கேளுங்கன்னு தள்ளி விட்டுட்டேன். மதியம் வேற கஸ்டமருக்கு டெலிவரி இருந்துச்சு.

ஜூன் 24, செவ்வாய்

வரிசையா எழுதறேன்.

நேத்து இரண்டாம் இல்லத்துல ஒரு பொண்ணு சேர்ந்திருக்கு. இருபது வயசு. ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்த்தது. கூட வேலை செஞ்ச பையனோட பழகுதுன்னு தெரிஞ்சு, தாய்மாமனுக்கே கட்டி வைக்கப் பார்த்திருக்காங்க. போலீசுல எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கு. யாருக்குச் சொல்லலாம்னு கேட்டப்ப, போலீசுக்கு மட்டும்னு சொல்லியிருக்கு. எங்க பக்கம் அது 2. புது 2 போட்ட முதல் ஆள் அதுதான்.

இன்னைக்குக் காலையில 10:40க்கு அதோட அப்பன் போனுக்கு எஸ்.எம்.எஸ். போயிருக்கு. 'உங்கள் மகள் எங்கள் இல்லத்தில் நலமாக உள்ளார். நேரில் பார்க்க', கீழே முகவரி. பார்க்க வரலாம்னு மக சொன்ன குடும்பத்துக்கு அனுப்பற வாசகம் அது.

அப்பன் நம்பர் எப்படி வந்துச்சுன்னு டிரஸ்ட்ல கத்தறாங்க. ஃபாரத்துல தகப்பனார் அல்லது கணவர் பெயர், கைபேசி எண்ணுன்னு ஒரு கட்டம் இருக்கு. நிரப்பாம அடுத்ததுக்குப் போக முடியாது. நம்ம ஊர்ல அப்பன் பேர் கேட்காத ஃபாரம் எங்க இருக்கு? அதை வெச்சதும் நான்தான்.

ஒன்றரை மணிக்கு அப்பனும் தாய்மாமனும் வாடகைக் காரு வெச்சு வந்துட்டாங்க. கேட்டுல இருந்த பேச்சியம்மாங்கற காவல்காரம்மா மறிச்சிருக்கு. அரிவாள் முதல்ல அது கையில விழுந்துச்சு. வலது கையில ரெண்டு விரல் போயிடுச்சு. உள்ளே அந்தப் பொண்ணு மத்தவங்களோட உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிட்டு இருந்திருக்கு. எழுந்து ஓடி பாத்ரூம்ல தாழ் போட்டுக்கிச்சு. பிளாஸ்டிக் கதவு. ரெண்டு உதைக்கு மேல தாங்கலை. தோள்ல ஒண்ணு, கழுத்துல ரெண்டு, தடுத்த கையில எத்தனைன்னு எண்ணலை. கூட இருந்த பொம்பளைங்க அம்மிக் குழவியை எடுத்துத் தாய்மாமன் மேல எறிஞ்சிருக்காங்க. அவன் சுவரேறி ஓடிட்டான். அப்பன் ஓடலை. வாசப்படியில உட்கார்ந்து, தானே போலீசுக்குப் போன் பண்ணி, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கான். ரத்தத்தோட அவன் போனைத் திறந்து பார்த்திருக்காங்க. முதல் மெசேஜ் எங்களோடது.

மூன்றரைக்கு ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து நின்னு பேசிட்டு இருந்தாங்க. மதுரையில 2ன்னா இன்னும் குடும்பம்னே வெச்சிருக்காங்களாம். போலீசுக்குன்னு ஒண்ணு வரப் போறது டிரஸ்ட் சொல்லி அவங்களுக்குத் தெரியும், புதுசா வந்த 3தான் அதுன்னு நினைச்சுக்கிட்டாங்களாம். புதுசா ஒண்ணு வந்தா கடைசியிலதான் வரும்னு அவங்களாவே எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?

4:10க்கு டாக்குமென்ட் பக்கத்துல நாலு நம்பருக்கும் அர்த்தம் எழுதிப் போட்டேன். ரொம்ப நாளா பாக்கி இருந்த வேலை. இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சது.

ஜூன் 25, புதன்

காலையில செத்துட்டா. பேரு தேன்மொழி. நான் நம்பர்தான் பார்த்திருந்தேன்.

ஜூன் 26, வியாழன்

விசாரணைக் கூட்டம். மேனேஜர் சிதம்பரநாதன், நான், ஜெரினாக்கா, போன்ல மதுரைக்காரங்க.

பக்கம் தெளிவாத்தான் இருந்துச்சு, பார்க்கச் சொல்லிப் பதிலும் போட்டேன்னு சொன்னேன். இருதயராஜ் "நான் பார்த்தப்ப வெறும் நம்பர்தான் சார் இருந்துச்சு"ன்னான். மேனேஜர் அங்கேயே பக்கத்தைத் திறந்து பெரிய திரையில போட்டார். 2, போலீசுக்கு மட்டும் சொல்லலாம். 3, குடும்பத்துக்குச் சொல்லலாம். தெளிவா இருக்கேப்பான்னார். இருதயராஜை வேலையில இருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஜெரினாக்கா தலை நிமிரவே இல்ல, என்னமோ எழுதிட்டு இருந்தாங்க.

சாயங்காலம் வீட்ல டிவியில அதே சேதி. கோகிலா அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னு பார்த்தா. "யார் தப்புங்க இது?"ன்னா. அவ்வளவுதான் கேட்டா. நாள் பூரா இதையே கேட்டுட்டு வந்தவன்கிட்ட, வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் கேட்கற கேள்வியா? கை ஓங்கினது தெரியும். அப்புறம் அவ சுவரோரம் உட்கார்ந்திருந்தா, உதடு கிழிஞ்சிருந்துச்சு. கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு தையல். கிரைண்டர் மேல விழுந்துட்டேன்னு அவளாவே டாக்டர்கிட்டச் சொல்லிட்டா. நான் ஒண்ணும் சொல்லித் தரலை.

ஜூலை 1, செவ்வாய்

ஜெரினாக்கா சின்ன ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாங்க. லேப்டாப்பைத் திருப்பி வெச்சாங்க. பக்கத்தை மாத்தறப்ப எல்லாம் பழசு ஒரு பிரதி, நேரத்தோட, மாத்தினவன் பேரோட சேமிப்புல நின்னுடும். எனக்குத் தெரியாததா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கேன். இருபத்துநாலாம் தேதி காலையில இருந்த பக்கம், வெறும் 0, 1, 2, 3. அதே நாள் 4:10, அர்த்தத்தோட, சபரிநாதன்.

"அந்தப் பொண்ணு கழுத்துல ரத்தம் காயறதுக்கு முன்னாடி இதை எழுதியிருக்கே"ன்னாங்க. குரல் உயரலை. நான் மேனேஜர்கிட்டச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது, ஆனா நீ சொல்லணும், ரெண்டு நாள் தர்றேன்னாங்க.

அவங்க போனதும் சுவத்துல ஓங்கி ஒரு குத்து. சிமெண்டுச் சுவர். விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு போச்சு.

வீட்ல கோகிலா கையைப் பார்த்துட்டு முகம் வெளுத்து நின்னா. யாரைங்கன்னா. சுவத்தைன்னேன். "சுவருங்களா? நல்லவேளை"ன்னுட்டு மருந்து போட்டு விட்டா. என்னடி நல்லவேளைன்னு கேட்க நினைச்சேன். கேட்கலை.

ஜூலை 3, வியாழன்

சொல்லிட்டேன். மேனேஜர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டே இருந்தார். போலீஸ் கேட்டப்ப ரெண்டு பிரதியையும் கொடுத்தோம். வெட்டினவங்க மேலதான் கேஸ், எங்களைச் சாட்சியாக் கூப்பிடுவாங்களாம். டீம் தலைமை என்கிட்ட இருந்து போச்சு. இனி ஜெரினாக்கா சொல்ற வேலையைச் செய்யணும். எங்க ஏபிஐல மொத்தம் நாப்பத்தோரு பட்டியல் இந்த மாதிரி வெறும் நம்பரா நிக்குது. எல்லாத்துக்கும் அர்த்தம் எழுதணும். அதுவரைக்கும் வேற வேலை கிடையாது.

இருதயராஜுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு எதுக்கு சார் சொல்றீங்க? அந்தப் பொண்ணுக்கு ஒரு அம்மா இருக்கு"ன்னான். போனை வெச்சுட்டான்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு என் அப்பா என்னைப் பார்த்து அடிக்கடி சொல்வார். கையில பெல்ட்டை வெச்சுக்கிட்டுச் சொல்வார்.

ஜூலை 8, செவ்வாய்

இருபத்தாறு பட்டியல் முடிஞ்சது. இன்னைக்கு, இல்லத்துக்கு ஏன் வந்தாங்கங்கற காரணப் பட்டியல். 1க்கு நேரா 'உடல்ரீதியான அசௌகரியம்'னு எழுதினேன். ஜெரினாக்கா பார்த்துட்டு அடிச்சுட்டாங்க.

"அசௌகரியம்னா வெயில்ல பஸ்ஸுக்கு நிக்கறது. இது அடி சபரி. புருஷன் அடிக்கிறான். வந்த பொம்பளை எப்படிச் சொல்லுவாளோ அப்படி எழுது."

எழுதினேன். 1, கணவர் அடிக்கிறார். 2, அப்பா அல்லது அண்ணன் அடிக்கிறார். 3, கழுத்தை நெரித்தார். 4, தீ வைக்கப் பார்த்தார். 5, வெட்ட வருகிறார்கள். அஞ்சு வரி எழுத மதியம் பூரா ஆச்சு. நடுவுல மூணு தடவை எழுந்து போய் டீ குடிச்சேன்.

ஒரே ஒரு பட்டியலை மட்டும் ஜெரினாக்கா தொட வேண்டாம்னாங்க. இல்லங்களோட எண். 1 எந்த ஊர், 2 எந்த ஊர்னு எங்கேயும் எழுதக்கூடாது, அது நம்பராவே நிக்கட்டும், படிக்கறவனுக்குப் புரியாம இருக்கறதுதான் அதுக்குப் பாதுகாப்புன்னாங்க. சரின்னேன். எனக்கு ஆறும் மனப்பாடம். பட்டியல் போட்டவனே நான்தானே.

ஜூலை 10, வியாழன்

கோகிலாவுக்குத் தையல் பிரிச்சாச்சு. சோறு போட்டுட்டே கேட்டா, "இப்ப சரி பண்ணிட்டீங்களா? யாருக்கும் சொல்லக்கூடாதுன்னா நிஜமாவே யாருக்கும் போகாதுங்களா?"

போகாது, நம்பருக்கு நேரா தெளிவா எழுதிட்டேன், மதுரையிலயும் ஒவ்வொண்ணா அனுப்பிப் பார்த்துட்டோம்னு சொன்னேன். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, என் வேலையை நம்பி ஒருத்தி கேட்கறாளேன்னு. ரெண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

எழுத வேண்டாம்னு நினைச்சேன். எழுதறேன்.

சட்டையில பட்டன் தைக்கலை. அதுதான் ஆரம்பம். வார்த்தை வளர்ந்துச்சு. ஒரு நாளும் எதிர்த்துப் பேசாதவ, இன்னைக்குப் பேசினா. "அந்தப் பொண்ணோட அப்பாவும் கோபக்காரர்தான், மத்தபடி நல்ல மனுஷன்னு ஒறம்பரை சனமெல்லாம் பேட்டி கொடுத்திருந்தாங்க"ன்னா.

சத்தம் போடாதேன்னு கழுத்துல கை வெச்சேன். எவ்வளவு நேரம்னு தெரியலை. குக்கர் விசில் அடிச்சுது, கையை எடுத்தேன். அவ இருமிட்டே போய் அடுப்பை அணைச்சா. எனக்குச் சோறு போட்டுட்டுத்தான் உட்கார்ந்தா.

ஜூலை 16, புதன்

ஆபீஸ் விட்டு வந்தா வீடு பூட்டியிருக்கு. சாவி எதிர்வீட்டுல. பீரோவுல அவ புடவை நாலு இல்ல. அடுப்பு மேல சோறும் புளிக்குழம்பும் மூடி வெச்சிருக்கு. போன் ஸ்விட்ச் ஆஃப். என்ன திமிரு இவளுக்கு.

அன்னூருக்குப் போன் பண்ணினேன். இங்க வரலைன்னார் அவ அண்ணன். பொய் சொல்றீங்கன்னு கத்தினேன். "நீங்க இந்தப் பக்கம் வாங்க மாப்பிள்ளை, வந்தா கால் இருக்காது"ன்னார். இத்தனை வருஷத்துல அவர் என்கிட்டக் குரல் உயர்த்தினதே இல்ல.

அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

ஜூலை 17, வியாழன்

காந்திபுரம், சிங்காநல்லூர் ரெண்டு பஸ் ஸ்டாண்டுலயும் தேடினேன். கோயில் கோயிலாப் பார்த்தேன். கையில கிடைச்சா கொன்னுடுவேன்னு வாய்விட்டே சொல்லிட்டேன், பக்கத்துல நின்ன பூக்காரம்மா என்னைப் பார்த்துட்டுக் கூடையைத் தூக்கிட்டு நகர்ந்துடுச்சு.

ஜூலை 19, சனி. பல்லடம்

டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து எழுதறேன். மதியம் ஒன்றரை. நோட்டு பையிலயே இருந்துச்சு.

காலையில ஆபீஸ். நாப்பத்தோரு பட்டியலும் முடிஞ்சது. எழுதின அர்த்தம் எல்லாம் நடப்புப் பதிவுல ஒழுங்காத் தெரியுதான்னு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தாங்க ஜெரினாக்கா. அவங்களுக்கு இன்னைக்கு லீவு. மேலே இருந்து ஒவ்வொரு வரியாப் பார்த்துட்டு வந்தேன். புதன்கிழமை சேர்ந்த ஒரு பதிவு. கணவர் பெயர் சபரிநாதன். ஊர்ல ஆயிரம் சபரிநாதன் இருப்பான்னு நினைச்சேன். கைபேசி எண்ணைப் பார்த்தேன். என்னுது.

அதே வரியில அடுத்தடுத்த கட்டம். வந்த காரணம்: கணவர் அடிக்கிறார், கழுத்தை நெரித்தார். யாருக்குச் சொல்லலாம்: யாருக்கும் சொல்லக்கூடாது. எல்லாம் நான் எழுதின வார்த்தை. என் கையால, சரியா இருக்கான்னு நாலு தடவை படிச்சுப் பார்த்து எழுதின வார்த்தை. மூணு நாளா என் போனுக்கு ஒரு மெசேஜும் வரலை. மதுரையில ஒழுங்காப் படிச்சிருக்காங்க.

கடைசிக் கட்டம், இல்லம். அதுல மட்டும் வெறும் நம்பர். ஜெரினாக்காவுக்கே அது எந்த ஊர்னு யோசிக்கணும். எனக்கு யோசிக்க வேண்டாம்.

வண்டியை எடுத்துட்டேன். சும்மா பேசிக் கூட்டிட்டு வரத்தான் போறேன்னு வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிட்டு வந்தேன். சூலூர் தாண்டிட்டேன், காரணம்பேட்டை தாண்டிட்டேன். முதல்ல என்ன சொல்லணும்னு யோசிச்சேன். கோகிலா, வா போகலாம். அவ வந்துட்டா சரி. வரமாட்டேன்னு சொன்னா?

கெஞ்சுவேனா, அழுவேனா, திரும்பி வந்துடுவேனா, ஒண்ணொண்ணா நினைச்சுப் பார்த்தேன். எதுவும் நான் செய்யற காரியமாத் தெரியலை. அடிப்பேன். கேட்டுல யாராவது மறிச்சா அவங்களையும் அடிப்பேன். அது மட்டும் நல்லாத் தெரிஞ்சது. பல்லடம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை ஓரம் கட்டிட்டேன்.

போன்ல இருந்தே ஜெரினாக்காவுக்கு மெயில் போட்டேன். அதை அப்படியே இங்க எழுதி வைக்கிறேன்.

'அக்கா, புதன்கிழமைப் பதிவுல கணவர் சபரிநாதன்னு ஒண்ணு இருக்கு. அந்த நம்பர் என்னுது. அந்தக் காரணம் ரெண்டும் நிஜம். நாலு வருஷமா நான் கோகிலாவை அடிக்கிறேன். அவ எந்த இல்லத்துல இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பாதி வழி வந்துட்டேன். இப்பவே அவளை வேற இல்லத்துக்கு மாத்துங்க. எந்த இல்லத்துக்குன்னு எனக்குச் சொல்லாதீங்க. இல்ல எண்களையும் மொத்தமா மாத்துங்க, பழைய வரிசை எனக்கு மனப்பாடம். சாஃப்ட்வேர்ல எனக்கு இருக்கற அனுமதி எல்லாத்தையும் எடுத்துடுங்க. போலீசுக்குச் சொல்லணும்னா சொல்லுங்க.'

அனுப்பற பட்டனை அமுக்க ரொம்ப நேரமாச்சு. நடுவுல ஒரு தடவை எழுந்து வண்டிகிட்டப் போயிட்டேன், சாவியும் போட்டுட்டேன். திரும்பி வந்து அனுப்பினேன்.

ரெண்டு நிமிஷத்துல போன் வந்துச்சு.

"எங்கடா நிக்கறே?" இத்தனை வருஷத்துல அவங்க என்னை டா போட்டதில்ல.

சொன்னேன்.

"வண்டிச் சாவியை டீக்கடைக்காரர்கிட்டக் கொடு. கொடுத்துட்டுப் போனை அவர்கிட்டக் கொடு."

கொடுத்தேன். அவர்கிட்ட என்ன சொன்னாங்கன்னு தெரியலை. மனுஷன் என்னை ஒரு பார்வை பார்த்தார், சாவியைக் கல்லாப்பெட்டியில போட்டுப் பூட்டினார். கேட்காமலே ஒரு டீயைக் கொண்டு வந்து வெச்சார். பக்கத்து பெஞ்சுல இருந்த ரெண்டு பேரை எழுப்பி என் எதிர்ல உட்கார வெச்சுட்டுத்தான் அடுப்புப் பக்கம் போனார்.

ஆபீஸ் அக்கவுண்ட் போன்ல திறந்திருந்துச்சு. பார்த்துட்டே இருந்தேன். 2:05க்கு அதுவா மூடிக்கிச்சு. மறுபடி பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தேன், ஏத்துக்கலை. எதிர்ல இருக்கறவங்க எழுந்திருக்கலை. ஸ்டேஷன்ல இருந்து ஆள் வர்றதா ஜெரினாக்கா டீக்கடைக்காரர்கிட்டச் சொல்லியிருப்பாங்க போல.

3:20க்கு ஜெரினாக்காகிட்ட இருந்து ஒரே வரி. மாத்தியாச்சு.

கோகிலா எங்கே இருக்கான்னு இப்ப எனக்குத் தெரியாது.